கரியும் கணப்பும்

'கரி' என்னும் ஒரு சொல்லையே நம் மக்கள் இரு பொருள்களுக்கு வழங்குகின்றனர். விறகைச் சுட்டுப் பெறுவதும் கரி. நிலத்தை அகழ்ந்து பெறுவதும் கரி. இரண்டும் கறுப்பு, இரண்டும் எரிவன, இரண்டும் மூட்டையிற் கட்டி விற்கப்படுவன. ஆதலின் ஒன்றற்குச் சொல்லியது மற்றொன்றற்கும் பொருந்தும் என எண்ணுதல் இயல்பே. ஆயின் எரியும் முறையில் இவை பெரிதும் வேறானவை. மரக்கரி தன் புகையை முன்னரே எங்கோ விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவது. நிலக்கரியோ தன் புகை முழுவதையும் உடன்கொண்டு வருவது. இவ்வேற்றுமையை அறியாமையால் உயிரிழந்தோர் உலகிற் பலர். திறந்த அடுப்பில் நிலக்கரி எரியுமாறு யாது, அதனால் விளைவது யாது, புதுக்கோட்டைச் சீமையில் வாழும் நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

'புதுக்கோட்டையிற் கணப்பு ஏது?' என்று நண்பர் வினவக்கூடும். வினா நியாயமானதே. மார்கழிப் பனிக்கும் ஒரு போர்வை போதும் நம் ஊர்களில். வைகறையில் தெருவோரத்தே சருகு கூட்டிக் கொளுத்தி, முதியோரும் சிறுவரும் சூழ்ந்து நின்று கைகாய்வதே நாம் அறிந்த கணப்பு. குளிர்காய்தற்கு மூட்டும் தீக்குத் தமிழில் அதுவே பெயர். ஆங்கிலேயர் தம் வீட்டு நடுவறைச் சுவரிற் குடைந்து அமைக்கும் தீயிடத்தையும் யாம் அப்பெயராலேயே குறிப்போம். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் வெள்ளையர் கட்டிய மாளிகைகளில் அத்தகைய கணப்புக்களை இன்றும் காணலாம். அங்கே எரிந்தது பெரும்பாலும் விறகே. எனினும், நம் அடுக்களையில் எரியும் விறகடுப்பும், லண்டன் மாநகரத்து நடுவறையில் எரிந்த நிலக்கரிக் கணப்பும் ஓரினத்தன என்பது சிறிது எண்ணினார்க்கு விளங்கும். இரண்டும் திறந்த தீ; இரண்டும் வீட்டினுள் எரிவன; இரண்டிலும் எரியாது தப்பிய பொருளே புகையாகின்றது.

நிலக்கரியும் ஒருகாலத்தில் மரமே. பல கோடி ஆண்டுகட்கு முன் சேற்றிற் புதைந்த காடுகள், மேலே படிந்த மண்ணின் சுமையாலும் உள்வெப்பத்தாலும் நீரையும் வாயுவையும் மெல்ல மெல்ல இழந்து கரியாயின. அவற்றுள் இளையது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியிற் கிடைப்பது அதுவே. மிக முதிர்ந்தது ஆந்த்ரசைட் எனப்படுவது. அது பற்றுவது அரிது, பற்றினாற் புகைவது மிகக் குறைவு. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பதே பிட்டுமினஸ் என்னும் நிலக்கரி. சூடேறுங்கால் கீல் போன்ற பொருள் இதனினின்று கசிவதால், யாம் இதனைக் கீல்நிலக்கரி என்போம். ஜாரியா, இராணிகஞ்சு, சிங்கரேணி முதலிய சுரங்கங்களில் அகழப்படுவது இவ்வினமே. 1929ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது. நம் சீமையார் நிலக்கரிப் புகையின் நெடியை நன்கறிந்தது நீராவி எஞ்சின்கள் ஓடிய அக்காலத்திலே எனலாம்.

இனி, கீல்நிலக்கரித் துண்டொன்றைச் செந்தழலின்மேல் இடுவதாகக் கொள்வோம். முதலில் அதன் ஈரம் நீங்கும். வெப்பம் ஏறத்தாழ 350 முதல் 400 பாகை செல்சியஸ் அளவை எட்டியவுடன் துண்டு இளகும், உப்பும், அதன் உடலெங்கும் நுண்குமிழிகள் தோன்றும். அக்குமிழிகளைப் பிளந்துகொண்டு எரிவாயுக்களும் கீலாவியும் சீறி வெளிப்படும். கரியின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை இங்ஙனம் வாயுவாய்ப் போய்விடுதல் உண்டு. எஞ்சி நிற்கும் திண்பொருளே கோக் எனப்படுவது. அது மரக்கரியைப் போலவே புகையின்றிக் கனன்றெரியும். ஆகவே ஒரு துண்டு நிலக்கரி இருமுறை எரியவேண்டியதாகின்றது: முன்னர் வாயுவாய்ச் சுடர்விட்டும், பின்னர்க் கனலாய்ச் சிவந்தும்.

இடுக்கண் முன்னதிலேதான். வாயு முற்றும் எரிதற்குப் போதிய வெப்பம் வேண்டும். போதிய காற்று வேண்டும். இரண்டும் கலந்து நிற்கப் போதிய பொழுதும் வேண்டும். திறந்த கணப்பிற் காற்றுக்குக் குறைவில்லை; அதன் மிகுதியே குறை. அறையின் குளிர்ந்த காற்று தீயின் முகத்திற் பாய்ந்து வாயுவைக் குளிர்வித்துவிடுகின்றது. எரியுமுன்னரே வாயு புகைபோக்கியுட் புகுந்துவிடுகின்றது. குளிர்ந்த கீலாவி நுண்துளிகளாகி மஞ்சளும் பழுப்புமாய்த் தோன்றும். பாதி எரிந்தது கரித்துகளாய்க் கறுக்கும். கரியிற் கலந்திருந்த கந்தகம் மூக்கைத் துளைக்கும் வாயுவாய் வெளிப்படும். கூடை நிறையப் புதுக்கரியைத் தழலின்மேற் கொட்டுவோன் தீயை வளர்ப்பதாக எண்ணிக்கொள்கின்றான். அவன் செய்வதோ தழலுக்கு மூடியிட்டு வாயு வடிக்கும் வேலை. அடியிலே சூடு உண்டு, மேலே சுடர் இல்லை. சுடர் மேலேறி வரும்வரை புகையன்றி வேறொன்றும் காணான்.

சிறிது சிறிதாக இடுதலும், புதுக்கரியின் வாயு செந்தழலைக் கடந்து செல்லுமாறு ஒருபுறமாக இடுதலுமே இதற்கு மாற்று. இதனை நன்கறிந்தவர் கொல்லர். நிலக்கரி கொண்டு உலை மூட்டுங்கால் அவர் புதுக்கரியை நடுவில் இடார். விளிம்பிலே குவித்து வைப்பர். அங்கே அது மெல்லச் சூடேறித் தன் வாயுவை இழக்கும். அவ்வாயு நடுத்தழலின் அனலிற்பட்டு எரியும். கரி கோக்காய் மாறிய பின்னரே அதனைக் கம்பியால் நடுவுக்கு இழுப்பர். 1785இல் ஜேம்ஸ் வாட் என்பார் புகையை எரிக்கும் உலைக்கெனப் பெற்ற காப்புரிமையின் உட்கருத்தும் இதுவே. வாட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. கொல்லருக்கு அப்படியொன்று தேவைப்படவில்லை.

புகையாய்ப் போனது இழிபொருள் என்றும் எண்ணற்க. மூடிய கலத்தில் நிலக்கரியைச் சூடேற்றி அவ்வாயுவைப் பிடித்து, வில்லியம் மர்டாக் என்பார் 1792இல் தம் வீட்டில் விளக்கேற்றினார். அதன் கீலினின்று 1856இல் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் ஊதாச் சாயம் எடுத்தார். அவ்வழியே வளர்ந்த செயற்கைச் சாயத் தொழில் 1897இல் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இந்திய அவுரி வாணிகம் நலிந்தது. லண்டன் வீடுகள் நாடோறும் வானில் விட்ட மஞ்சட் புகையில், நம் உழவர் வயிற்றில் அடித்த அந்நீலத்தின் மூலப்பொருளும் கலந்திருந்தது என்றால் வியப்பன்றோ!

நிற்க. எரிக்குமுன்னரே புகையைப் பிரித்துவிடுதல் என்னும் வழியை நூல் கல்லாமலே கைவரப் பெற்றோர் நம் மாவட்டத்துக் கரிமூட்டத் தொழிலாளர். ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கங்களில் சீமைக்கருவேல் மண்டிக் கிடத்தலை யாவரும் அறிவர். 1877இல் கடப்பைப் பகுதியில் அயல்நாட்டு விதைகொண்டு வளர்க்கப்பட்டதாகக் குறிக்கப்படும் இம்மரம், இன்று கண்மாயையும் கரம்பையும் ஒருங்கே விழுங்கி நிற்கின்றது. அதனை வெட்டிக் கரியாக்குதல் பல குடும்பங்கட்குப் பிழைப்பு. சென்ற கோடையில் அப்பக்கம் சென்றிருந்த யாம், ஒரு மூட்டத்தின் அருகே நெடுநேரம் நின்று கண்டோம்.

வெட்டிய கட்டைகளை இடைவெளியின்றிக் குவியலாக அடுக்குகின்றனர். அதன்மேல் வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் கொண்டு முற்றும் பூசி மூடுகின்றனர். ஒரு வாயில் வழியே தீயிட்டு, அடியில் மட்டும் சில துளைகள் விடுகின்றனர். பின்னர்ப் பகலும் இரவும் காவல். மண் எங்கேனும் வெடித்தால் உடனே பூசவேண்டும். பூசாவிடின் காற்று உட்புகுந்து, மாதக்கணக்கில் வெட்டிய விறகு ஓரிரவிற் சாம்பலாகும். 'புகையின் நிறத்தை ஏன் ஐயா இவ்வளவு கூர்ந்து பார்க்கின்றீர்கள்?' என வினவினோம். அங்கிருந்த முதியவர், "வெள்ளைப் புகை தண்ணிப் புகை, தம்பி. மஞ்சப் புகைதான் கண்ணைக் கரிக்கும். நீலம் கண்டா உடனே மண்ணப் போட்டு அடைச்சிரணும், இல்லேன்னா கரி போச்சு" என்றார்.

வேதியியல் நூலின் ஓர் இயல் அம்மூன்று சொற்றொடர்களுள் அடங்கிவிட்டது. வெள்ளைப் புகை மரத்தின் ஈரம். மஞ்சட் புகை, மரம் சிதைந்து வெளிப்படும் கீலும் காடியும் எரிவாயுவும். நீலப் புகை தோன்றினால், விறகு முற்றும் கரியாகி, இனி அக்கரியே எரியத் தொடங்கிற்று என்பது பொருள். நிலக்கரித் துண்டு திறந்த கணப்பிற் கண்ட இரு நிலைகளை, மூட்டத்தார் காலத்தால் வேறுபிரித்துவிடுகின்றனர். முன்னதைக் காட்டில் முடித்து, பின்னதை மூட்டையிற் கட்டிப் பட்டணத்துக்கு அனுப்புகின்றனர். துணி தேய்க்கும் பெட்டியிலும் உணவுக்கடை அடுப்பிலும் புகையின்றி எரிவது அதுவே. அப்புகை மறைந்து போகவில்லை. மூட்டத்தருகே இரவெல்லாம் விழித்திருக்கும் அம்முதியவரின் நெஞ்சிற் போயிற்று. யாம் நின்ற ஒரு நாழிகைக்குள் அவர் பலமுறை இருமினார்.

ஜாரியா முதலிய நிலக்கரி நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. பச்சைக் கரியை வெளியிற் குவித்துக் கொளுத்திப் புகை தீர்ந்தபின் அணைத்து, அம்மென்கோக்கையே அடுப்புக்குக் கொண்டுசெல்வர். நெய்வேலியிலும் முன்னாளில், பழுப்பு நிலக்கரியைப் பொடித்து அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப்படாமற் சூடேற்றிப் புகைநீக்கி, 'லெக்கோ' என்னும் பெயரால் வீட்டடுப்புக்கு விற்றனர். பெயர் வேறாயினும் எல்லாம் ஆவுடையார்கோயில் மூட்டத்தின் உடன்பிறப்புக்களே.

புகைநீக்காக் கரியை வீட்டினுள் எரித்த பெருநாடு இங்கிலாந்து. காடு குறைந்து விறகு அரிதாகவே, கடல்வழி வந்த நிலக்கரியை லண்டன் மக்கள் கணப்பில் இடலாயினர். புகையைப் பழித்து ஜான் ஈவிலின் என்பார் 1661லேயே நூல் எழுதி மன்னனிடம் அளித்தார். பயன் சிறிதும் இல்லை. 1796இல் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாக ஒடுக்குமாறு கற்பித்தார். அதனால் அறைக்குள் புகை சுருண்டு வருதல் குறைந்தது. கனலின் கதிர்வெப்பமும் மிகுதியாய் அறைக்குக் கிட்டியது. ஆயினும் பெரும்பகுதி வெப்பம் புகைபோக்கி வழியே வானுக்குத்தான் சென்றது. புகையும் வீட்டை விட்டு நகரத்துக்குப் போயிற்றேயன்றி ஒழிந்ததன்று. புகைபோக்கியிற் படிந்த கரியைச் சுரண்டச் சிறுவர்களை உள்ளே ஏற்றினர். அவ்வேலை செய்து வளர்ந்தோர்க்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு அக்கரிப்புழுதியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775இல் எழுதினார்.

பின்னர் வந்தது 1952. அவ்வாண்டு டிசம்பர் 5 முதல் 9 முடிய லண்டன்மேற் காற்றசையாது நின்றது. குளிர் மிகுந்ததால் வீடுதோறும் கணப்பு எரிந்தது. புகை மேலெழ வழியின்றி மூடுபனியோடு கலந்து தெருவை மறைத்தது. இறந்தோர் 4000 பேர் என முதலிற் கணக்கிட்டனர். பின்னாளைய ஆராய்ச்சி 12000 வரை கூறுகின்றது. பெரும்பாலோர் முதியோரும், முன்னரே நெஞ்சுநோய் உற்றோரும் ஆவர். 1956இல் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1990ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களிற் கீல்நிலக்கரி விற்பனையைத் தடுத்தனர். காற்றிற் கரும்புகை நூற்றுக்கு 70 பங்களவு வீழ்ந்தது. இங்கிலாந்தில் வீட்டுக் கணப்புக்கென இக்கரியை விற்றல் 2023ஆம் ஆண்டு மே திங்களோடு முற்றும் தடுக்கப்பட்டது. ஈவிலின் நூலுக்கும் இத்தடைக்கும் இடையே 362 ஆண்டுகள்!

புகைபோக்கியும் இல்லாதிருந்தால் என்னாகும் என்பதற்குச் சீனத்தின் யுன்னான் மாநிலத்துச் சுவான்வெய் என்னும் பகுதி சான்று. அங்கே வீட்டின் நடுவே தரையிற் குழிதோண்டி, புகைமிக்க கீல்நிலக்கரியை அதில் எரித்துச் சமைத்தனர், குளிர்காய்ந்தனர். அவ்வூர்ப் பெண்டிர் புகையிலை தொடாதவர். எனினும் நுரையீரற் புற்றுநோயால் இறந்த பெண்டிரின் விகிதம் சீனத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் வீடுகளிற் புகைபோக்கியுள்ள அடுப்பு அமைத்தோரை நெடுநாள் தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர்: நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் நூற்றுக்கு 40 பங்குக்கு மேற் குறைந்திருந்தது. அடுப்பின்மேல் ஒரு குழாய். வேறு மருந்தொன்றும் இல்லை. வீட்டில் நிலக்கரி எரித்தலால் எழும் புகை மக்களுக்குப் புற்றுநோய் விளைப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஐயமற வகுத்துள்ளது. விறகுப் புகையை 'விளைக்கக்கூடும்' என்னும் அடுத்த படியில் வைத்துள்ளது. அடுத்த படி என்பது பாதுகாப்பான படி அன்று.

அங்ஙனமாயின் புகையற்ற கரியே நலம் என்று கதவைச் சாத்திக்கொண்டு குமுட்டி அடுப்பை உள்ளே வைக்கலாமோ எனின், கூடாது, அதுவே கொடிது. மரக்கரியும் கோக்கும் கனலுங்கால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தோன்றும். கனலின்மேல் ஆடும் மெல்லிய நீலச்சுடர் அவ்வாயு எரிவதே. எரியாது தப்பியதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதும் இல்லை. குருதியின் செம்பொருளோடு உயிர்வளி சேர்வதினும் 200 மடங்குக்கு மேல் இறுக அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைநோவு, பின்னர்க் குமட்டல், பின்னர் உறக்கம். அவ்வுறக்கத்தினின்று எழுதல் அரிது. புகையேனும் இருமச் செய்து நம்மை வெளியே துரத்தும்; இதுவோ உறங்கவைத்துக் கொல்லும். மலையூர்களுக்குச் சென்று, இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்கென அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுத்தோர் மறுநாள் எழவில்லை என்னும் செய்தியைக் கேள்வியுறாதார் யார்?

நெடுநல்வாடையில், வாடைக்கு அஞ்சி மாடத்துக் கதவுகளைத் தாழிட்டு, அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பை மக்கள் விரும்பி அடைந்ததாக நக்கீரர் பாடியுள்ளார். தமிழிலக்கியத்துள் யாம் அறிந்த வீட்டுக் கணப்பு அது. அக்காலத்து மரக்கதவின் இடுக்குக்களும் மாடத்தின் உயரமும் அவர்களைக் காத்தன போலும். கண்ணாடிச் சாளரம் இறுகப் பொருந்திய இக்காலத்துச் சிற்றறைக்கு அப்பாட்டு வழிகாட்டி அன்று. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் பேதுரு குளிர்காய்ந்ததும் மரக்கரித் தீயே. மூலமாகிய கிரேக்கச் சொல்லின் பொருள் அதுதான். ஆந்த்ரசைட் என்னும் நிலக்கரிப் பெயரும் அச்சொல்லின் கிளையே. பேதுரு நின்ற இடம் வானம் பார்த்த முற்றம். அங்கே அத்தீயால் தீங்கில்லை.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். 2016இல் தொடங்கிய உஜ்வலா முதலிய திட்டங்களால் எரிவாயு உருளை நம் சிற்றூர்க் குடிசைகளையும் எட்டியிருக்கின்றது. எனினும் உருளை தீர்ந்தால் மறுநாளே மற்றொன்று வாங்க எல்லார்க்கும் இயலாது. வெந்நீர் காய்ச்சுதலும் நெல்லவித்தலும் இன்றும் பல வீடுகளில் விறகடுப்பிலேதான். ஆலங்குடிப் பக்கத்தில் முந்திரி விறகும், பிற இடங்களில் தைலமரச் சுள்ளியும் சீமைக்கருவேலும் எரிகின்றன. திருமயம் வட்டத்து நகரத்தார் வீடுகளில் அடுக்களை பின்கட்டு முற்றத்தை ஒட்டி இருத்தலின் புகைக்கு வழியுண்டு. தாழ்ந்த கூரையுடைய ஓரறை வீட்டில் அவ்வழி இல்லை. ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து, மடியிற் குழந்தையோடு நம் தாய்மார் சுவாசிப்பது, கணப்பின்முன் அமர்ந்த லண்டன்காரன் சுவாசித்ததினும் மிகுதி. அவனுக்குப் புகைபோக்கியேனும் இருந்தது.

நிலக்கரிக்குச் சொல்லிய விதி விறகுக்கும் பொருந்தும். பச்சை விறகை எரிப்பது வெள்ளைப் புகையை அடுக்களைக்குள் அழைப்பதாகும். பிளந்து வெயிலில் நன்கு உலர்த்திய சிறு விறகு சுடரை விரைவிற் பெறும். அடுப்பு நிறையத் திணிப்பது புதுக்கரியைக் கூடையாற் கொட்டுவதற்கு ஒப்பு. இரண்டு மூன்றாக முனைமட்டும் எரியத் தள்ளிவருதலே முறை. 1950களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலார், மண்ணாலேயே கட்டிக் குழாயிணைத்த புகையில்லா அடுப்பொன்றை வகுத்துப் பரப்ப முயன்றார். அத்தகைய அடுப்புக்கள் பல ஊர்களில் நிலைபெறாமைக்குக் காரணம், குழாயிற் படியும் கரியைத் திங்கள்தோறும் துடைப்பார் இன்மையே என்பது எம் கருத்து. கூரையைத் திறக்க நம் ஊர்ப் பெண்டிர் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு: ஐப்பசி மழையில் அடுப்பே நனைந்துபோம். அதற்குக் கூரையைத் திறக்கவேண்டுவதில்லை. அடுப்பின் பின்சுவரில், கூரைக்கு ஒருமுழம் கீழே இரண்டு செங்கல்லைப் பெயர்த்து, வெளியே ஓர் ஓட்டைச் சாய்த்துப் பதித்துவிட்டால் மழை வராது, புகை போகும். எதிர்ப்புறத்து வாயிலைச் சமைக்கும் பொழுது திறந்து வைத்தல்வேண்டும். கொத்தனாருக்கு அரைநாள் வேலை அது.